விடுமுறைக்கு மறுநாள்

ஜனவரி 9

அண்ணாவுக்கு,

உறைமேல் சட்டமன்ற முத்திரையைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் பிரித்திருக்கிறீர்கள் என்றால், அதற்கே நன்றி. மூன்று வருடமாகப் போன் எடுப்பதில்லை. மகள் கல்யாணப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் வீட்டு வாசலில் அரைமணி நேரம் நின்றேன். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, கதவு திறக்கவில்லை. என்ன தப்பு செய்தேன் என்று சொல்லிவிட்டுக் கோபித்துக்கொண்டால் நானும் திருந்திக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்போது எழுதுவது எனக்காக இல்லை. பழுது பார்க்கும் சிறு கடைகளுக்கு உத்தேச வரி இருக்கிறதே, குடை, பூட்டு, கடிகாரம், தையல் மிஷின் ரிப்பேர் செய்கிறவர்கள் கட்டுவது, அதை நகரங்களோடு நிறுத்தாமல் எல்லா ஊர்களுக்கும் நிரந்தரமாக்கும் மசோதா அடுத்த மாதம் வருகிறது. நாள் ஒன்றுக்கு ஒரு கடைக்கு இருபத்தாறு வாடிக்கையாளர் வருகிறார்கள் என்று வைத்துக்கொண்டு போட்ட வரி அது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் என் தொகுதிக் கடைத்தெருவில் எடுத்த கணக்காம். போன புதன்கிழமை அங்கே ஒரு குடை, பூட்டு ரிப்பேர் கடையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்தேன். வந்தவர்கள் பதினொரு பேர். அதில் ஒருவர் வழி கேட்க வந்தவர்.

கடைக்காரர் ஏப்ரல் முதல் தேதி சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுத்துவிடப் போகிறார். "வராத ஆளுக்கெல்லாம் நான் வரி கட்டுறேம்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புதான் என்னைத் தூங்க விடவில்லை.

நீங்கள் இருபத்தெட்டு வருடம் வரித்துறையில் இருந்தவர். அந்தக் கணக்கை எடுத்தது யார், யாரைக் கேட்டால் தெரியும், அதை மட்டும் சொல்லுங்கள்.

தங்கை

*

ஜனவரி 17

மாண்புமிகு உறுப்பினர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கேள்விக்குப் பதில் தங்கள் வாயிலிருந்தே வந்திருக்கிறது. மூன்று வருடங்களுக்கு முந்தைய அவை நடவடிக்கைத் தொகுதியில் 412ஆம் பக்கத்தைத் தயவுசெய்து புரட்டவும். இதே வரியைப் பற்றித் தாங்கள் பேசியது: "இந்த விதியை எழுதியவர் வாழ்நாளில் ஒரு நாளாவது ஒரு கடை வாசலில் நின்றிருக்க மாட்டார். நின்றிருந்தால், மனசு வலிக்காவிட்டாலும் காலாவது வலித்திருக்கும்." அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

மறுநாள் எங்கள் அலுவலகத்தில் டீ வேளையில் ஒருவர் அதை உரக்கப் படித்தார். எழுதியவர் யார் என்று அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாதது தங்களுக்கு மட்டும்தான். மூன்று மாதத்தில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தேன். பிரிவு உபசாரத்தில் எனக்குக் கொடுத்த பரிசு ஒரு நாற்காலி. அதில் உள்நோக்கம் இல்லை என்றார்கள்.

நான் கடை வாசலில் நின்றேன். காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை, நாற்பது கடைகள், என்னோடு நான்கு எழுத்தர்கள். எண்ணிக்கை சரியானது. அதில் ஒரு ஆள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

தங்கள் உரைகளை நான் படிப்பதில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. சந்தா கட்டித் தொகுதிகளை வரவழைக்கிறேன். தவறு கண்டுபிடிக்கத்தான். காது கேட்கும் கருவி மருந்துப் பட்டியலில் இருப்பதால் அதற்கு வரி இல்லை, அதற்குள் போடும் பேட்டரி பொம்மைப் பட்டியலில் இருப்பதால் வரி உண்டு என்று சொல்லி, "காது கேட்காதவர் எதை வைத்து விளையாடுகிறார் என்று அமைச்சர் சொல்லட்டும்" என்றீர்களே, அதில் பட்டியல் எண் தவறு. ஏழு அல்ல, ஒன்பது. அமைச்சர் அதைக் கவனிக்காமல் வரியை எடுத்துவிட்டார், அது தங்கள் அதிர்ஷ்டம்.

ஓய்வூதியக்காரர்கள் உயிரோடு இருப்பதைக் காட்ட வருடா வருடம் மூன்றாம் மாடி ஏற வேண்டியிருந்ததைப் பற்றிய உரையில் தவறு எதுவும் இல்லை. "ஏறி முடிப்பதற்குள் சான்றிதழுக்கே ஆபத்து" என்பது மட்டும் தேவையில்லாத அலங்காரம். இருந்தாலும் அந்த மேசையைத் தரைத்தளத்துக்கு இறக்கிவிட்டார்கள் என்று படித்தேன்.

இப்படிக்கு,
விதியை எழுதியவன்

*

ஜனவரி 23

அண்ணா,

சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் அதுவும் பாதிப் பொய்தான். வேறு யாரோ ஒருவருடைய அண்ணனை அப்படிச் சொல்லியிருப்பேன்.

ஒன்று மட்டும் கேளுங்கள். எங்கள் கட்சியில் நாங்கள் நாலே பேர். எனக்கு ஏழு நிமிடம், அதுவும் எல்லாரும் சாப்பாட்டுக்கு எழுந்து போகிற நேரத்தில். ஆறாவது நிமிடம் மணி அடிப்பார்கள். ஆனால் அவை சிரித்துக்கொண்டிருக்கும்போது மணி அடிக்க எந்த அவைத் தலைவருக்கும் மனசு வராது. ஒரு நல்ல சிரிப்புக்கு நாற்பது விநாடி கிடைக்கும். இந்த வித்தையைப் பத்து வருடத்தில் கற்றுக்கொண்டேன். அன்றைக்கு அந்த நாற்பது விநாடியை உங்கள் முதுகில் ஏறி நின்று வாங்கியிருக்கிறேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நான் செய்தது இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அதைச் சொல்லிக்கொள்கிறேன்.

இருபத்தாறு என்பது நீங்கள் எண்ணியது என்றால் அது சரியாகத்தான் இருக்கும். சின்ன வயதில் வீட்டுப் படிக்கட்டில் ஏறும்போதே எண்ணுகிற ஆள் நீங்கள். அதனால்தான் எனக்குக் குழப்பம் அதிகமாகிறது. நானும் என் உதவியாளரும் அதே கடையில் ஒரு வாரம் மாறி மாறி உட்கார்ந்தோம். திங்கள் தெருவுக்கே விடுமுறை. செவ்வாய் இருபத்தைந்து பேர், புதன் பதினொன்று, வியாழன் பன்னிரண்டு, வெள்ளி பத்து, சனி பதினாறு, ஞாயிறு பதினான்கு. சராசரி பதினைந்துகூட வரவில்லை.

துறையின் அறிக்கையில் 'மார்ச் மாதத்தில் ஒரு வேலை நாளில்' என்று மட்டும் இருக்கிறது. நீங்கள் நின்றது எந்தக் கிழமை?

தங்கை

*

பிப்ரவரி 2

தங்கைக்கு,

பன்னிரண்டு வருடம் ஆகிறது. கிழமை நினைவில்லை.

நீ கடிதத்தோடு வைத்து அனுப்பிய உரை வரைவைத் திருத்தியிருக்கிறேன். மூன்றாம் பத்தியில் 'ஏழை எளிய' என்பதை அடித்துவிட்டேன். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள், சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்கள். பதினொரு பேரில் ஒருவர் வழி கேட்க வந்தவர் என்பதை முதல் பத்திக்குக் கொண்டுபோ.

எனக்கு முழங்கால் வலி. நாற்காலி நன்றாகத்தான் இருக்கிறது.

அண்ணன்

*

பிப்ரவரி 6

அண்ணா,

நான் பத்து வருடத்துக்கு முன் முதல் பேச்சில் எந்தப் பட்டியல் எண்ணைத் தவறாகச் சொன்னேன் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். கிழமை மறந்துவிட்டது என்கிறீர்கள். சரி.

இன்று அந்தக் கடைக்குப் போயிருந்தேன். கணக்கெடுக்க வந்தவர் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஏன் இல்லாம? ஒல்லியா ஒருத்தர் வந்தாரு. நல்ல மனுஷன். நிழல்ல உட்காருங்க சார்னு ஸ்டூல் எடுத்துப் போட்டேன், உட்காரவே இல்லை. உட்கார்ந்தா ஆளை விட்டுடுவேன்னாரு."

"என்னைக்கு வந்தாரு?"

"செவ்வாய்க்கிழமைம்மா. ஆனா நான் சொன்னா யாரு கேட்பா? வரி கட்டுறவன் வேற என்ன சொல்வான்னு கேட்பாங்க."

கேட்பார்கள்தான். அமைச்சரும் அதைத்தான் கேட்பார். வரி கட்டுகிறவர் சொன்னால் அது புலம்பல், அதிகாரி சொன்னால்தான் சான்று. இந்த நியாயத்தை நான் உண்டாக்கவில்லை.

விவாதம் இருபதாம் தேதி. இனிமேல் உங்களைக் கேட்க மாட்டேன். கையில் இருப்பதை வைத்துப் பேசுகிறேன். நீங்கள் அடித்துக் கொடுத்தபடி 'ஏழை எளிய' வராது.

தங்கை

*

பிப்ரவரி 13

தங்கைக்கு,

செவ்வாய்க்கிழமை.

இதை எழுதிவிட்டு ஒரு மணி நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்திருக்கிறேன். இனி மிச்சத்தையும் எழுதிவிடலாம்.

நாற்பது கடைகளுக்கு ஒரே ஒரு நாள் பயணப்படிதான் அனுமதித்தார்கள். ஒரு வாரம் கேட்டேன், சிரித்தார்கள். எந்த நாள் என்று நான்தான் முடிவு செய்தேன். திங்கள் அலுவலகத்தில் கூட்டம், அதனால் செவ்வாய். தெருவுக்குத் திங்கள் விடுமுறை என்று எனக்குத் தெரியாது. நான்கு எழுத்தர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. எங்களில் யாரும் எதையும் பழுது பார்த்துப் பயன்படுத்துகிறவர்கள் இல்லை.

அன்று சாயங்காலம் அந்தக் குடைக்காரர் என்னிடம் சொன்னார்: "சார், நேத்து தெரு லீவு. ரெண்டு நாள் கூட்டம் ஒண்ணா வருது. நாளைக்கு வந்து பாருங்க, ஈ ஓட்டிக்கிட்டு இருப்பேன்." காதில் விழாமல் இல்லை. குறித்தும் வைத்தேன். குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். என் கையெழுத்துதான், பார்: 'கூட்டம் இன்று மட்டும்தான் என்கிறார் கடைக்காரர். வழக்கமான பேச்சு.'

வழக்கமான பேச்சு. வரி கட்டுகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள் என்று துறையில் முதல் மாதமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நான் நன்றாகப் படிக்கிற மாணவன்.

விதி வந்து இரண்டு வருடம் கழித்து வேறு வேலையாக ஒரு திங்கட்கிழமை அந்தத் தெரு வழியாகப் போனேன். எல்லாக் கதவுகளும் இறக்கியிருந்தன. தெருமுனைப் பலகையில் 'திங்கள் விடுமுறை' என்று பெயிண்டில் எழுதியிருந்தது. பெயிண்ட் மங்கிப் போயிருந்தது, அவ்வளவு பழைய பலகை. அங்கேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து ஒரு குறிப்பு எழுதினேன், நாலு பக்கம். மேலே அனுப்பவில்லை. அடுத்த மாதம் பதவி உயர்வுப் பட்டியல் வருவதாக இருந்தது. தன் கணக்கே தவறு என்று எழுதிக் கொடுப்பவனை யார் உயர்த்துவார்கள்? பட்டியல் வந்தது. அதில் என் பெயர் இல்லை. அதன்பிறகு கொடுத்தால் கிடைக்காத வயிற்றெரிச்சலில் கொடுக்கிறான் என்பார்கள் என்று தோன்றியது. குறிப்பு அலமாரியிலேயே இருந்துவிட்டது. எனக்குப் பிறகு வந்தவன் மேலே போனான், அவனுக்குப் பிறகு வந்தவனும் போனான். ஒவ்வொருவன் மேலும் ஒரு கோபம் வைத்துக்கொண்டேன். கடைசியில் மிச்சம் இருந்த கோபம் உன்மேல்.

ஒரு நாளாவது நின்றிருக்க மாட்டார் என்றாய். சரியாக ஒரே ஒரு நாள் நின்றேன். அதனால்தான் அது அவ்வளவு சுட்டது.

குறிப்பேட்டுப் பக்கத்தையும் அந்த நாலு பக்கத்தையும் அவையில் வைக்கலாம். என் பெயரைச் சொல்லிக்கொள். தயங்காதே, அதை வைத்து இனி எனக்கு எந்தப் பட்டியலிலும் வேலை இல்லை.

அண்ணன்

*

பிப்ரவரி 21

தங்கைக்கு,

நேற்று பார்வையாளர் மாடத்தில் இருந்தேன். அனுமதிச் சீட்டை நானே விண்ணப்பித்து வாங்கினேன். உறவினர் என்ற கட்டத்தில் எதுவும் நிரப்பவில்லை.

உன்னை நடவடிக்கைத் தொகுதிகளில் படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. அச்சில் பல விஷயங்கள் வருவதில்லை என்று நேற்றுதான் தெரிந்தது. உனக்கு முன் பேசியவர் இருபது நிமிடம் மேசையைத் தட்டினார். அவர் தட்டியது மட்டும்தான் நினைவிருக்கிறது. நீ எழுந்தபோது பாதிப் பேர் வாசல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்கள். நீ அவர்களைக் கூப்பிடவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. "மூன்று வருடங்களுக்கு முன் இந்த அவையில் நான் ஒரு தவறு செய்தேன், அதைத் திருத்த அனுமதி வேண்டும்" என்றாய். போனவர்கள் நின்றார்கள். ஒரு உறுப்பினர் தன் தவறைச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை போலிருக்கிறது. நானும் கேட்டதில்லை.

412ஆம் பக்கத்தைப் படித்தாய். நீ எதிர்பார்த்தாயோ என்னவோ, யாரும் சிரிக்கவில்லை. "நின்றிருக்க மாட்டார் என்றேன். அவர் நின்றார். ஸ்டூல் போட்டும் உட்காராமல் பன்னிரண்டு மணி நேரம் நின்றார். அரசு அவருக்கு ஒரே ஒரு நாள்தான் கொடுத்தது, அது விடுமுறைக்கு மறுநாளாக அமைந்துவிட்டது. அதைக் கண்டுபிடித்ததும் அவரே, இன்று முன்வந்து சொல்வதும் அவரே. இந்த அவையில் சட்டம் செய்கிற நம்மில் எத்தனை பேர் அதைச் செய்திருக்கிறோம் என்று நான் கேட்கப் போவதில்லை, என்னையும் சேர்த்துத்தான்."

நடவடிக்கைத் தொகுதியில் சிரிப்பை அச்சிடுவார்கள், கைதட்டலை அச்சிடுவார்கள், குறுக்கீட்டை அச்சிடுவார்கள். அமைதியை அச்சிடும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. ஆகையால் நான் இங்கே பதிவு செய்கிறேன்: பத்து விநாடி இருக்கும்.

என் பெயரைச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்கப் போவதில்லை. சொல்லியிருந்தால் விவாதம் என்னைப் பற்றியதாகிவிடும், குடைக்காரர் மறுபடியும் வாசலில் நிற்பார். அது எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கும்போதே புரிந்தது.

அதன்பிறகு நீ செய்ததுதான் எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது. என் குறிப்பை வைத்துக்கொண்டு அமைச்சரைப் பதவி விலகச் சொல்லியிருக்கலாம். இன்றைய செய்தித்தாளில் படமும் வந்திருக்கும். நீ கேட்டது ஒரே ஒரு விஷயம். "ஏழு நாள் எண்ணுங்கள். எண்ணி முடிக்கும் வரை இந்தப் பிரிவை நிறுத்தி வையுங்கள். எண்ணிக்கை இருபத்தாறே வந்தால் இதே மசோதாவுக்கு நானே கை தூக்குகிறேன்." மறுக்க முடியாத அளவுக்குச் சின்னதாகக் கேட்டாய். அமைச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பக்கத்தில் இருந்த செயலாளரைப் பார்த்தார், பிறகு சரி என்றார். இருபத்தெட்டு வருட வேலையில் நான் கேட்டுக் கிடைக்காத ஒரு வாரத்தை நீ ஆறு நிமிடத்தில் வாங்கிவிட்டாய். மணியடிக்கவும் விடவில்லை.

பட்டியல் எண் எதிலும் தவறு இல்லை.

அண்ணன்

*

மார்ச் 1

அண்ணா,

மாடத்தில் மூன்றாவது வரிசை, தூணுக்குப் பக்கத்தில். நீங்கள் உட்கார்ந்ததுமே பார்த்துவிட்டேன். உங்கள் உதடு என் வாக்கியங்களுக்கு அரை விநாடி முன்னால் அசைந்துகொண்டிருந்தது. பார்வையாளர் பேசினால் காவலர் வெளியேற்றுவார், உங்களுக்காகத்தான் அன்று கொஞ்சம் வேகமாகப் பேசினேன்.

கணக்கெடுப்பு ஆணை வந்துவிட்டது. மார்ச் பதினெட்டு செவ்வாய் தொடங்கி அடுத்த திங்கள் வரை, விடுமுறை நாளையும் சேர்த்து ஏழு நாள், அதே தெரு, அதே நாற்பது கடைகள். மேற்பார்வைக்கு ஓய்வு பெற்ற அதிகாரிகள் வேண்டுமாம். சம்பளம் கிடையாது, குடிக்கத் தண்ணீர் உண்டு என்று அறிவிப்பிலேயே போட்டிருக்கிறார்கள். நான் யார் பெயரையும் சிபாரிசு செய்யவில்லை, எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. விண்ணப்பிக்கக் கடைசித் தேதி எட்டு.

குடைக்காரர் சாவியை இன்னும் கொடுக்கவில்லை. ஏப்ரல் பத்து வரை பார்க்கிறேன் என்றார்.

கல்யாண ஆல்பத்தில் ஒரு போட்டோவில் மாமா நிற்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு எடுத்திருக்கிறார்கள். மகள்தான் அப்படி நிற்கச் சொன்னாள். வீட்டுக்கு வந்தால் காட்டுகிறேன்.

தங்கை

*

மார்ச் 19, புதன், மாலை

வாயாடிக்கு,

இந்தப் பெயரில் உன்னைக் கூப்பிட்டு ரொம்ப நாள் ஆகிவிட்டது. இப்போது அது உனக்குப் பதவியாகிவிட்டதால் தாராளமாகக் கூப்பிடலாம்.

கடைக்கு எதிரே நின்று எழுதுகிறேன், கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். நேற்றுக் காலை எட்டு மணிக்கு வந்தேன். குடைக்காரருக்கு முடி வெளுத்துவிட்டது, எனக்கு முடியே இல்லை. அப்படியும் கண்டுபிடித்துவிட்டார்.

"வாங்க சார். இந்தத் தடவையாவது உட்காருவீங்களா?"

"உட்கார்ந்தா ஆளை விட்டுடுவேன்."

"அன்னைக்கு யாரையும் விடலையே சார் நீங்க. என்னைத்தான் விட்டுட்டீங்க."

குறிப்பேட்டைத் திறந்து தேதியைப் போட்டேன். அவர் ஒரு பூட்டைக் குடைந்துகொண்டிருந்தார். பிறகு, "செவ்வாய்க்கிழமைக் கூட்டம்னு அன்னைக்கே சொன்னேனே சார்" என்றார்.

"சொன்னீங்க. எழுதிக்கூட வெச்சேன்."

"எழுதி வெச்சா போதுமா?"

"போதாதுங்க."

அவ்வளவுதான் பேசினோம். அதன்பிறகு ஸ்டூலை எடுத்துப் போட்டார், நானும் உட்கார்ந்தேன். உட்கார்ந்தாலும் ஆள் தப்பவில்லை. நேற்று இருபத்தாறு பேர்.

'நாளைக்கு வந்து பாருங்க' என்று அவர் சொன்ன அந்த நாளை இன்று வந்து பார்க்கிறேன். பன்னிரண்டு வருடம் தாமதம். தெரு எப்படி இருக்கிறது என்று கேட்கிறாயா? பக்கத்துக் கடிகாரக் கடைக்காரர் மேசையில் தலை வைத்துத் தூங்குகிறார். குடைக்காரர் சொன்னது போலவே ஈ ஓட்டுகிறார், பழைய குடைத்துணியை மடித்து அதற்கென்று தனியாக ஒரு விசிறி வைத்திருக்கிறார். மணி ஐந்தரை. இதுவரை பதினொரு பேர்.

பன்னிரண்டாவதாக நான் இருக்கிறேன். கையில் ஒரு குடை கொண்டுவந்தேன், இரண்டு கம்பி உடைந்தது, வீட்டில் வருடக்கணக்காகக் கதவுக்குப் பின்னால் கிடந்தது. கொடுத்தேன். நாற்பது நிமிடமாக அதைத்தான் சரி செய்துகொண்டிருக்கிறார். கணக்கெடுக்கிறவரே வாடிக்கையாளரானால் எண்ணலாமா, கூடாதா என்று விதியில் எங்கேயும் இல்லை. எழுதியவன் சொல்கிறேன், இல்லை.

எண்ணவில்லை. பதினொன்று என்றுதான் போட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குக் கடை மூடியதும் நேராக உன் வீட்டுக்கு வருகிறேன். ஆல்பத்தை எடுத்து வை. திங்கள் மறுபடியும் இங்கே நிற்க வேண்டும். கதவெல்லாம் இறக்கியிருக்கும், ஒருவரும் வர மாட்டார்கள், அதையும் முழு நாள் நின்று எண்ண வேண்டும்.

அண்ணன்